கொரோனா கால உள்ளூர் அறிவியல் செய்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச் 7 அன்று, ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. தமிழ்நாட்டில் பதிவான முதல் கொரோனா நோயாளி அவர்தான். அதற்கப்புறம் இரண்டு வருடம், செய்தித்தாளின் மாவட்டப் பக்கம் வரைக்கும் அறிவியல் வந்து உட்கார்ந்துகொண்டது. கிருமிநாசினிச் சுரங்கம், ரோபோ, பிளாஸ்மா வங்கி, ஆர் மதிப்பு, எஸ் ஜீன் என்று டீக்கடை பெஞ்சிலும் இவையே பேச்சு. அவற்றில் எது என்ன ஆனது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அப்படி வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம். சிலவற்றுக்கு நாலு வரி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

திருப்பூரில் வைத்த கிருமிநாசினிச் சுரங்கம் என்ன ஆனது?

2020 ஏப்ரல் 1 அன்று திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் அதைத் திறந்தார்கள். காய்கறி வாங்க வருபவர் கையைத் தூக்கிக்கொண்டு சில விநாடி நடந்து போனால் போதும், சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த நீர் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் புகைபோலத் தெளிக்கும். படம் எடுப்பதற்கு இதைவிடத் தோதான காட்சி கிடைக்காது. நாடு முழுக்கச் செய்தி பரவியது. அடுத்த சில நாளிலேயே உழவர் சந்தை, பேருந்து நிலையம், அரசு அலுவலக வாசல் என்று பல ஊர்களில் இதே மாதிரி கூடாரம் முளைத்துவிட்டது.

பத்து நாள் கழித்து, இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மாநிலப் பொது சுகாதாரத் துறை இயக்குநரே மாவட்டங்களுக்கு எழுதினார். ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. காரணம் எளிது. தொற்று உள்ளவருக்கு வைரஸ் இருப்பது மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும். சட்டையை நனைத்தால் அது எங்கே போகும்? வைரஸைக் கொல்லும் அளவுக்கு மருந்தைக் கலந்தால் கண்ணும் தோலும் எரியும், மூச்சு திணறும். எரியாத அளவுக்கு நீர்த்துப்போகச் செய்தால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. இதையெல்லாம் விட மோசம், உள்ளே போய் வந்தவர் 'நான் சுத்தமாகிவிட்டேன்' என்று நினைத்து முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிடுவது. நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றமும் இந்தச் சுரங்கங்களைத் தடை செய்ய நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

திறந்தபோது படத்தோடு நாலு பத்தி வந்தது, மூடியபோது பெரும்பாலும் நாலு வரிதான். அந்த இரண்டு வருடமும் இதே பாணிதான்.

ரோபோக்களும் ட்ரோன்களும் பயன்பட்டனவா?

ஓரளவுக்கு. திருச்சி அரசு மருத்துவமனைக்கு அந்த ஊர் நிறுவனம் ஒன்று 'ஜாஃபி' என்ற ரோபோக்களைக் கொடுத்தது. சென்னை ஸ்டான்லியிலும் ரோபோ வந்தது. சாப்பாட்டையும் மருந்தையும் தனிமை வார்டுக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் வேலை. கவச உடை தட்டுப்பாடாக இருந்த ஆரம்ப வாரங்களில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கவும், ஊசி போடவும், 'பயப்படாதீங்க' என்று சொல்லவும் செவிலியர்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துத் 'தக்‌ஷா' குழுவின் ட்ரோன்கள் தெருக்களில் மருந்து தெளித்தன. ட்ரோன் நல்ல ட்ரோன்தான், தெருவில் தெளிப்பதால்தான் பயன் குறைவு. இந்த நோய் பரவியது காற்று வழியாக, அதிலும் மூடிய அறைக்குள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த மாடுலஸ் நிறுவனத்தின் மடக்கி விரிக்கும் சிறு மருத்துவமனை வேறு ரகம். லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிடலாம். கேரளத்தின் வயநாட்டில் அதை நிறுவிப் பயன்படுத்தினார்கள்.

சீனாவிலிருந்து வந்த ரேபிட் கிட்டை ஏன் திருப்பி அனுப்பினார்கள்?

2020 ஏப்ரல் நடுவில் தமிழ்நாட்டுக்கு 24,000 கிட் வந்து இறங்கின. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அரை மணி நேரத்தில் முடிவு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிட் தேடியது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை. அது உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆக, ஒருவர் பிறருக்கு அதிகமாகப் பரப்பும் முதல் சில நாளில் கிட் 'இல்லை' என்றே காட்டும். போதாக்குறைக்கு, மாநிலங்கள் சோதித்துப் பார்த்தபோது முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஏப்ரல் 21 அன்று நிறுத்தி வையுங்கள் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.எம்.ஆர்.), 27 அன்று திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றது.

இதில் அறிவியலைவிட அதிகம் பேசப்பட்டது விலை. 245 ரூபாய்க்கு இறக்குமதியான கிட் 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது டெல்லி உயர் நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. 400 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது.

அந்தக் கசப்பிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஒரு நல்லதும் நடந்தது. வேறு பல மாநிலங்கள் பின்னாளில் வைரஸின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் கிட்டுக்கு மாறியபோதும், இங்கே வைரஸின் மரபுப் பொருளையே தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை மட்டும்தான் என்று சுகாதாரத் துறை பிடிவாதமாக இருந்தது. முதலில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மட்டுமே நடந்த சோதனை மாவட்டத் தலைநகரங்களுக்கெல்லாம் பரவி, 2020 முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. 1899-இல் தொடங்கிய அந்தப் பழைய கிண்டிக் கட்டடம் எத்தனை கொள்ளைநோயைப் பார்த்திருக்கும்!

சி.டி. மதிப்பு, சி.டி. ஸ்கேன் இரண்டும் ஒன்றா?

இல்லை, ஆனால் நிறைய பேர் குழம்பினார்கள். சி.டி. ஸ்கேன் நுரையீரலைப் படம் பிடிப்பது. சி.டி. மதிப்பு என்பது ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் வைரஸின் மரபுப் பொருளை எத்தனை சுற்றுப் பெருக்கியபோது கருவியின் கண்ணுக்குப் பட்டது என்ற எண். ஒவ்வொரு சுற்றிலும் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே 18-க்கும் 28-க்கும் நடுவே இருப்பது பத்துப் புள்ளி அல்ல, ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வித்தியாசம். எண் குறைந்தால் வைரஸ் அதிகம். அதை வைத்து 'எனக்கு 16 வந்திருக்கு, நான் பிழைக்க மாட்டேன்' என்று முடிவு கட்டுவது தப்பு. குச்சியை மூக்கில் எவ்வளவு ஆழமாக விட்டார்கள் என்பதைப் பொறுத்தே அந்த எண் மாறிவிடும்.

'சென்னையில் ஐந்தில் ஒருவருக்குக் கொரோனா வந்துவிட்டது' என்ற செய்தி உண்மையா? அத்தனை பேர் எங்கே போனார்கள்?

உண்மை. 2020 ஜூலையில் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் 21.5 சதவீதத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்தது. ரேபிட் கிட் தேடியதும் இதே வகைப் பொருளைத்தான். ஒருவருக்கு இப்போது நோய் இருக்கிறதா என்று பார்க்க அது உதவாது, ஊரில் எத்தனை பேருக்கு வந்து போய்விட்டது என்று பார்க்க உதவும். அதுவும் ஆய்வகத்தில் முறையாகச் செய்யும் எலைசா சோதனையாக இருந்தால்.

கணக்கைப் பாருங்கள். ஜூலை முடிவில் சென்னையில் சோதனை மூலம் கண்டுபிடித்தவர்கள் ஏறக்குறைய 1 லட்சம். ஊரின் மக்கள்தொகையை 70 லட்சம் என்று வைத்துக்கொண்டாலே, 21.5 சதவீதம் என்பது 15 லட்சம். கண்டுபிடித்த ஒருவருக்குக் கண்டுபிடிக்காதவர் 14 பேர். அவர்கள் எங்கேயும் போகவில்லை. லேசான சளி, ஒருநாள் உடம்பு வலி, அல்லது ஒன்றுமே தெரியாமல் நம்மோடுதான் இருந்தார்கள்.

இந்த வேலையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. நாடு முழுவதற்குமான ரத்த மாதிரிக் கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியதில் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முக்கியமானது. முதல் சுற்றில் 28,000 மாதிரிகள். அவற்றைப் பரிசோதித்தது சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தச் சுற்றில் (2020 மே-ஜூன்) நாட்டில் 0.73 சதவீதம், ஆகஸ்ட்-செப்டம்பரில் 6.6, 2021 ஜூன்-ஜூலையில் 67.6. இரண்டாம் அலை எவ்வளவு பேரைத் தொட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அப்படியானால் மந்தை எதிர்ப்பாற்றல் வந்துவிட்டது என்று சொன்னார்களே?

சொன்னவர்கள் சராசரியைப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2020 அக்டோபர்-நவம்பரில் எதிர்ப்புப் புரதம் இருந்தவர்கள் ஏறக்குறைய 32 சதவீதம். மூன்றில் ஒருவருக்கு வந்து போய்விட்டது, இனி அடங்கிவிடும் என்று அந்த மார்கழியில் பலர் நம்பினார்கள். அடுத்த சித்திரையில் டெல்டா என்ற உருமாறிய வைரஸ் வந்தது. 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அதன் பிறகு எடுத்த கணக்கெடுப்பில் மாநிலச் சராசரி 66. ஆனால் விருதுநகரில் 84, ஈரோட்டில் 37. ஈரோட்டுக்காரருக்கு மாநிலச் சராசரி எதற்கு?

'ஆர் மதிப்பு 1-க்குக் கீழே' என்று தரமணியிலிருந்து ஒரு செய்தி வந்துகொண்டே இருந்ததே, அது என்ன?

தரமணியில் இருப்பது கணித அறிவியல் நிறுவனம். அங்கே இயற்பியலாளர் சிதாப்ர சின்ஹா, அன்றாடம் வெளியாகும் எண்ணிக்கையை வைத்தே ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கடத்துகிறார் என்று கணக்கிட்டு, மாநிலவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1-க்கு மேலே இருந்தால் நோய் பெருகும், கீழே போனால் தேயும். பெருகும் வேகத்தைச் சொல்லும் எண் இது, எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஆர் 0.9 என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. 30,000 பேர் பாதிக்கப்பட்ட நாளிலும் ஆர் 1-க்குக் கீழே இருக்கலாம், மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையும் இருக்கலாம். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தலைப்பில் போட்ட செய்திகளால் குழப்பம்தான் மிஞ்சியது.

ஒரே நாளில் 444 மரணங்கள் கூடியது எப்படி?

2020 ஜூலை 22. அதுவரை கணக்கில் வராமல் விடுபட்ட 444 சென்னை மரணங்களை, ஒரு குழு பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அரசு சேர்த்தது. அன்று நடந்த மரணங்கள் அல்ல அவை. மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்தும் மாநிலப் பட்டியலில் இல்லாதவை. வரைபடம் போட்டவர்கள் அந்த நாளில் ஒரு கோபுரம் எழுந்ததைப் பார்த்துப் பதறினார்கள்.

பிளாஸ்மா சிகிச்சை பலித்ததா?

இல்லை. குணமானவரின் ரத்தத் திரவத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கும், அதை நோயாளிக்கு ஏற்றினால் கை கொடுக்கும் என்பது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட யோசனை. சொல்லிப் பார்த்தால் யாருக்கும் சரியென்றுதான் படும். 2020 ஜூலையில் சென்னை ராஜீவ்காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் 2.34 கோடி ரூபாயில் பிளாஸ்மா வங்கி திறந்தார்கள். குணமானவர்கள் முன்வந்து கொடுத்தார்கள். நல்ல மனசு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே மாதங்களில் ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க 39 மருத்துவமனைகளில் சோதனை நடத்தியது. 464 நோயாளிகள். குலுக்கல் முறையில் 235 பேருக்கு பிளாஸ்மாவும் வழக்கமான சிகிச்சையும், 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்த்து, முதல் குழுவில் 44, இரண்டாம் குழுவில் 41. அதாவது 19 சதவீதமும் 18 சதவீதமும். அவ்வளவுதான். முடிவு அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. ஆனால் 2021 ஏப்ரலிலும் 'ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்' என்ற வேண்டுகோள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. மே 17 அன்றுதான் சிகிச்சை நெறிமுறையிலிருந்து அதை நீக்கினார்கள். அந்த ஏழு மாதத்தில் எத்தனை குடும்பம் ராத்திரி பகலாக அலைந்திருக்கும்.

ரெம்டெசிவிர்?

வைரஸ் எதிர்ப்பு ஊசிமருந்தான இதை வாங்க, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் 2021 ஏப்ரல் கடைசியில் நின்ற வரிசை ஞாபகம் இருக்கும். வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மருத்துவர் சீட்டோடு வந்து, கொளுத்தும் வெயிலில் நடைபாதையில் இடம் பிடித்தார்கள். தொற்று வந்தவருக்குக் கொடுக்க வாங்கும் மருந்துக்காகத் தோளோடு தோள் உரச நின்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே மருத்துவமனை நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லியிருந்தது. சிலருக்குச் சரியான நாளில் கொடுத்தால் ஓரளவு பயன் உண்டு என்று பின்னாளில் கருத்து மாறியது, அது வேறு. ஆனால் அது உயிர் காக்கும் அமுதம் என்று அன்றைக்குப் பரவிய நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள், கூட்டம் அங்கேயும் குவிந்தது. கடைசியில் மே 18 முதல் மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம்.

கபசுரக் குடிநீர் விஷயத்தில் உங்கள் பதில் என்ன?

இதற்குப் பதில் சொன்னால் இரண்டு பக்கமும் திட்டு வாங்க வேண்டிவரும். சரி, சொல்லிவிடுவோம்.

சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, கற்பூரவல்லி, சீந்தில், நிலவேம்பு, கோரைக்கிழங்கு என்று மொத்தம் 15 சரக்கு சேர்ந்தது கபசுரக் குடிநீர். 2020 ஏப்ரலில் தமிழக அரசு 'ஆரோக்கியம்' திட்டத்தின் கீழ் இதைப் பரவலாகக் கொடுத்தது. சாலிகிராமத்திலும் வியாசர்பாடியிலும் சித்த மருத்துவச் சிகிச்சை மையங்கள் நடந்தன. அங்கே போனவர்கள் நன்றாகக் கவனித்தார்கள் என்றே சொன்னார்கள். நேரத்துக்கு உணவு, மூலிகைத் தேநீர், மூச்சுப் பயிற்சி, முகம் பார்த்துப் பேசும் மருத்துவர். பயத்தில் இருந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

'இங்கே சேர்ந்த எல்லோரும் குணமடைந்தார்கள், மரணமே இல்லை' என்ற செய்தியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த மையங்களில் சேர்த்தது அறிகுறி இல்லாதவர்களையும் லேசான அறிகுறி உள்ளவர்களையும். அப்படிப்பட்டவர்கள் மாநகராட்சி முகாமிலும், வீட்டில் கஞ்சி குடித்தும் பெரும்பாலும் குணமாகிக்கொண்டுதான் இருந்தார்கள். கபசுரம் குடித்தவர்களையும் குடிக்காத அதே மாதிரி ஆட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். சிறிய ஆய்வுகள் நடந்தன. மரணத்தைக் குறைத்தது என்று காட்டும் பெரிய ஆய்வு வரவில்லை. பிளாஸ்மாவுக்குப் போட்ட அதே அளவுகோலை இதற்கும் போட வேண்டும் என்பதுதான் வாதம். சித்த மருத்துவத்தைக் கேவலப்படுத்துவது அல்ல அது, மரியாதை கொடுப்பதுதான்.

மகேந்திரகிரியிலிருந்து ஆக்சிஜன் வந்தது என்கிறார்கள். ராக்கெட் தளத்துக்கும் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம்?

ராக்கெட் இன்ஜினில் எரிபொருள் எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். மேலே காற்று கிடையாது, ஆகவே கூடவே எடுத்துப் போக வேண்டும். அதற்காகத்தான் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் திரவ ஆக்சிஜன் தயாராகிறது. காற்றை மைனஸ் 183 டிகிரி வாக்கில் குளிரவைத்தால் ஆக்சிஜன் திரவமாகிவிடும். ஒரு லிட்டர் திரவம் விரிந்தால் 800 லிட்டருக்கு மேல் வாயு. இரண்டாம் அலையில் அங்கிருந்து மருத்துவமனைகளுக்கு டேங்கர் போனது.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் கதை இவ்வளவு எளிதல்ல. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு மூடிய ஆலை அது. 2021 ஏப்ரல் 27 அன்று ஆக்சிஜன் தயாரிக்க மட்டும், ஜூலை 31 வரை மட்டும், உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. மே நடுவில் முதல் டேங்கர் கிளம்பியது, உடனே கோளாறு வந்து நின்றது, சில நாளில் மறுபடி ஓடியது. 'ஆலையில் ஆயிரம் டன் தயாரிக்க முடியும்' என்று வந்த செய்திகளில் ஒரு விஷயம் விடுபட்டிருந்தது. அந்த ஆலை தனக்காகத் தயாரித்தது பெரும்பாலும் வாயுவாக, குழாய் வழியே பக்கத்து உலைக்குப் போவதற்கு. மதுரைக்கும் நெல்லைக்கும் டேங்கரில் போக வேண்டுமென்றால் திரவமாக வேண்டும். ஆலையின் திரவமாக்கும் திறன் அந்த ஆயிரத்தில் ஒரு சின்னப் பங்குதான். 'எத்தனை டன்' என்ற கேள்விக்கு முன்னால் 'எந்த வடிவத்தில்' என்று கேட்டிருக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பலாமா? செல்போன் ஆப் வைத்தே பார்க்கலாம் என்றார்களே?

ஆப்பை நம்ப வேண்டாம். விரலில் மாட்டும் கருவியில் சிவப்பு ஒளி ஒன்று, அகச்சிவப்பு ஒளி ஒன்று என இரண்டு உண்டு. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும், அந்த வித்தியாசம்தான் திரையில் தெரியும் 97. சாதாரண செல்போன் கேமராவின் பக்கத்தில் அந்த இரண்டாவது விளக்கு இல்லை.

கருவியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கருத்த தோலில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வெளியான ஆய்வு சொன்னது. நம் ஊரில் இது அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டிய செய்தி, ஆனால் வந்த சுவடே தெரியவில்லை. மருதாணியும் நகச்சாயமும் கூட எண்ணை மாற்றும். இத்தனை குறை இருந்தும், அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்த சாதனங்களில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்பது நம் கருத்து. மூச்சுத் திணறல் தெரிவதற்கு முன்பே ஆக்சிஜன் இறங்குவதுதான் இந்த நோயின் தந்திரம். 94-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்குக் கிளம்பு என்ற ஒரே விதி பல பேரைச் சரியான நேரத்தில் கட்டிலில் சேர்த்தது.

நடிகர் விவேக் தடுப்பூசியால்தான் இறந்தாரா?

2021 ஏப்ரல் 15 அன்று அவர் சென்னையில் எல்லோர் முன்னிலையிலும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 16 அன்று மயங்கி விழுந்தார், 17 அதிகாலையில் இறந்தார். இதயத்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாகச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். அப்படிப்பட்ட அடைப்பு ஒரு நாளில் உண்டாவது அல்ல. தடுப்பூசிப் பக்க விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தது தற்செயல் என்றே சொன்னது.

இந்தப் பதில் பலருக்குத் திருப்தி தராது என்று தெரியும். மரம் நட்டவர், சிரிக்க வைத்தவர், நம் வீட்டு ஆள் மாதிரி இருந்தவர். 'நேற்று ஊசி, இன்று மரணம்' என்பது காதில் விழுந்துவிட்டால் எந்த அறிக்கையாலும் அதை எளிதில் எடுக்க முடியாது. ஒருவருடைய கதைக்கு எதிராக ஒரு லட்சம் பேரின் கணக்கை வைத்துத்தான் பேச முடியும். அந்தக் கணக்கு அடுத்த பதிலில்.

தடுப்பூசி உயிரைக் காத்தது என்பதற்கு நம் ஊர் ஆதாரம் உண்டா?

உண்டு, அதுவும் காவல் துறையிலிருந்து. ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க, முக்கில் நின்றவர்கள் அவர்கள். முன்களப் பணியாளர் என்பதால் தடுப்பூசியும் முன்னதாகக் கிடைத்தது. போட்டுக்கொண்டவர், ஒன்றோடு நிறுத்தியவர், போடாதவர் என்று மூன்று வகையும் ஒரே துறையில், ஒரே மாதிரி வேலையில். மேலும், காவலர் எத்தனை பேர், யார் ஊசி போட்டார், யார் இறந்தார் என்பதெல்லாம் பதிவேட்டில் சுத்தமாக இருக்கும்.

தமிழ்நாடு காவல் துறையும் அயப்பாக்கத்துத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை உள்ள கணக்கைப் பார்த்தன. மொத்தம் 1,17,524 பேர். கொரோனாவால் இறந்தவர்கள் 31. ஊசி போடாதவர்கள் 17,059 பேர், அவர்களில் இறந்தவர் 20. ஒரு ஊசி போட்டவர்கள் 32,792, இறந்தவர் 7. இரண்டும் போட்டவர்கள் 67,673, இறந்தவர் 4.

'ஊசி போட்டும் 11 பேர் இறந்தார்கள்' என்று தலைப்புப் போடலாம், அதில் பொய் இல்லை. ஆனால் 11 பேர் எத்தனை பேரில்? ஒரு லட்சத்துக்கு மேல். 20 பேர் எத்தனை பேரில்? பதினேழாயிரத்தில். ஆயிரம் பேருக்கு என்று மாற்றிப் பாருங்கள். போடாதவர்களில் 1.17 மரணம், ஒன்று போட்டவர்களில் 0.21, இரண்டு போட்டவர்களில் 0.06. அதாவது ஒரு ஊசி மரணத்தை 82 சதவீதமும், இரண்டு ஊசி 95 சதவீதமும் குறைத்தன. ஊசி போடாமலிருந்தவர்களில் ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள் அதிகம் இருந்திருக்கலாமே என்று கேட்டால் நியாயமான கேள்விதான், இந்த வகை ஆய்வில் அந்தச் சந்தேகத்தை முழுசாக நீக்க முடியாது. ஆனால் வித்தியாசம் இருபது மடங்கு. அதை அந்தக் காரணம் ஒன்றால் மட்டும் விளக்க முடியாது.

வேலூர் சி.எம்.சி.யிலும் தங்கள் பணியாளர்களிடம் இதே மாதிரி பார்த்தார்கள். இரண்டு ஊசியும் போட்டவர்களுக்குத் தொற்று 65 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் சேர்வது 77, ஆக்சிஜன் தேவை 92, தீவிர சிகிச்சை 94. நோய் கடுமையாகக் கடுமையாகப் பாதுகாப்பும் ஏறுகிறது. 'ஊசி போட்டும் எனக்கு வந்ததே' என்பவருக்கும் இதில் பதில் இருக்கிறது.

இந்த மாதிரிச் செய்தி வந்த அன்றே எதை நம்பலாம் என்று கண்டுபிடித்திருக்க முடியுமா?

பல நேரம் முடிந்திருக்கும். சுரங்கம், கபசுர மையம், பிளாஸ்மா மூன்றிலும் ஆரம்பச் செய்தியில் ஒரே விஷயம் இல்லை: செய்யாதவர்களுக்கு என்ன ஆனது? பிளாஸ்மாவில் அதை யாரோ போய்ப் பார்த்தார்கள், விடை கிடைத்தது. காவலர் கணக்கில் ஆரம்பத்திலேயே அது இருந்தது. அப்புறம், செய்தியில் அமைச்சரோ ஆட்சியரோ ரிப்பன் வெட்டும் படம் இருந்தால் அது பொருளைப் பற்றிய செய்தி, பலனைப் பற்றிய செய்தி அல்ல. நிருபர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. மாவட்ட நிருபர் ஒருவரே மருத்துவமனை, சுடுகாடு, சந்தை, நிவாரணம் எல்லாவற்றுக்கும் ஓட வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் செய்தி போயாக வேண்டும், ஆய்வு முடிவு வர ஆறு மாதம் ஆகும்.

செங்கல்பட்டில் தடுப்பூசி ஆலை இருந்தும் ஏன் ஒரு ஊசியும் வரவில்லை?

வயிற்றெரிச்சலான கதை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மத்திய அரசின் எச்.எல்.எல். நிறுவனத்தின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகத்துக்கு 2012-இல் ஒப்புதல் கிடைத்து, கிட்டத்தட்ட 600 கோடி ரூபாய் திட்டமாகக் கட்டடம் எழுந்தது. ஆனால் உற்பத்தி தொடங்கவில்லை. 2021 மே 25 அன்று முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, குத்தகைக்குக் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று பிரதமருக்கு எழுதினார். கொரோனா முடியும்வரை அங்கிருந்து ஒரு கொரோனா ஊசிகூட வெளியே வரவில்லை.

இத்தனைக்கும் தடுப்பூசி நமக்குப் புதிதல்ல. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இலிருந்து இருக்கிறது. கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948-இல் வந்தது. 2008-இல் தரக் கட்டுப்பாட்டு விதிகளைக் காரணம் காட்டி இந்த இரண்டின் உரிமத்தையும் நிறுத்தி வைத்தார்கள், 2010-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் சந்தை தனியார் பக்கம் சாய்ந்துவிட்டது.

எஸ் ஜீன் இல்லை என்றால் ஒமைக்ரான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

சில ஆர்.டி.பி.சி.ஆர். கிட்டுகள் வைரஸின் மூன்று இடங்களைத் தேடும். ஒமைக்ரானில் அந்த மூன்றில் ஒன்றான எஸ் ஜீன் மாறிப்போயிருந்ததால் அந்த இடம் மட்டும் பிடிபடாது. மற்ற இரண்டும் பாசிட்டிவ், எஸ் மட்டும் காணோம் என்றால் சந்தேகம் வலுக்கும். 2021 டிசம்பரில் அமைச்சர் மா.சுப்பிரமணியன் நாள்தோறும் சொன்ன 'எஸ் ஜீன் டிராப்' இதுதான். அது சந்தேகம் மட்டுமே, உறுதி செய்ய மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். அதுவரை மாதிரிகளைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த தமிழ்நாடு, அந்த செப்டம்பரில்தான் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் சொந்த ஆய்வகம் திறந்திருந்தது. நைஜீரியாவிலிருந்து வந்த பயணி ஒருவருக்கு ஒமைக்ரான் என்று டிசம்பர் 15 அன்று உறுதியானது. அந்த ஆய்வகத்துக்கு ஆன செலவு சுமார் 4 கோடி ரூபாய்.